வீட்டுக்கொரு பயம்

அத்தை ஓட்டு கேட்டு நான் பார்த்ததே இல்லை.

காரைக்கால் கடலோரத்தில் இருக்கும் கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் கட்சிக்கு மகளிரணி என்றால் அவர்தான். தேர்தல் வந்துவிட்டால் காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் எந்த வாசலிலும் நின்று, "நம்ம சின்னத்துல போடுங்க" என்று சொன்னது கிடையாது. படியில் உட்காருவார். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொள்வார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். இரண்டு வாய் குடித்துவிட்டு, சொம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நல்ல தண்ணி. இருக்குற வரைக்கும் குடிச்சுக்க வேண்டியதுதான்."

வீட்டுக்காரப் பெண் பதறிப்போவாள். "ஏன் அண்ணி, பைப்ப நிப்பாட்டப் போறாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்று எழுந்துவிடுவார்.

அவ்வளவுதான் பிரசாரம். அடுத்த வீடு.

எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறையில் சொந்தம். அம்மாவுக்கு அவர் அண்ணி, அதனால் எனக்கு அத்தை. கட்சியில் மேலே இருப்பவர்களுக்கு 'மேட்டு அக்கா'. குள்ளமான ஆள். கட்சிக்கரை போட்ட சேலையைத் தேர்தல் மாதத்தில் மட்டும்தான் கட்டுவார். மேடையேறிப் பேசச் சொன்னால் பேச்சு வராது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார் என்றால் கேட்டவள் அன்றைக்குச் சமைக்க மாட்டாள். "பயத்த முழுசாச் சொல்லப்புடாது பாப்பா. பாதியில வுட்டுறணும். மீதியை அவுங்கவுங்களே நமக்கு மேல நல்லாச் சொல்லிக்குவாங்க" என்பார்.

நான் அவரோடு சேர்ந்தது கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதை யாரையும் மறக்கவிட்டதும் இல்லை. அத்தைக்கு வாக்காளர் பட்டியலை வாசிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பட்டியல் வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். நான் பெயரை வாசிப்பேன், அவர் பயத்தைச் சொல்வார்.

"நாப்பத்தி மூணு, காசியம்மாள்."

"பென்ஷன்."

"நாப்பத்தி நாலு, அஞ்சப்பன்."

"பாட்டில் வெல."

"நாப்பத்தி அஞ்சு, தேன்மொழி."

"மாமியா."

"மாமியாரச் சொல்லி எப்படி அத்தை ஓட்டு வாங்குவீங்க?"

"தேன்மொழிக்கு மாமியாளக் கண்டா பயம். மாமியாளுக்குப் பென்ஷன் பயம். மாமியாளப் புடிச்சா ரெண்டு ஓட்டு. எழுதிக்க."

பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் ப, பா, மா என்று குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு நாளில் ஊர் மொத்தத்தின் பயமும் என் கையெழுத்தில், வரிசை எண்ணோடு, சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஊருக்கெல்லாம் பயம் கொடுத்த அத்தைக்கும் ஒரு பயம் இருந்தது. அதைப் பட்டியலில் நான் எழுதவில்லை. அவருடைய வேலைதான் அது. எங்கள் பக்கம் வவுச்சர் வேலை என்று ஒன்று உண்டு. தேர்தலுக்கு முன்னால் ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் பெருக்கவோ ஃபைல் தூக்கவோ ஆட்களை ஏற்றுவார்கள். தேர்தலுக்குப் பின்னால் அதே வேகத்தில் இறக்கிவிடுவார்கள். அத்தை ஒரு காலத்தில் ஒன்பது மாதம் அப்படிப் பெருக்கியவர். இறக்கிவிட்ட பிறகும் அந்த அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு வயர்க்கூடையில் வைத்திருந்தார். மறுபடி ஏற்றும்போது தன் பெயர் வர வேண்டும், இந்த முறையாவது நிரந்தரமாக வர வேண்டும். அவருக்கு வேண்டியது இது ஒன்றுதான். எங்கள் வேட்பாளருக்கும் அது நன்றாகத் தெரியும்.

அந்தத் தேர்தலில் மனுத் தாக்கல் செய்த அன்று, மாலையும் கழுத்துமாக அவர் அத்தையைக் கூப்பிட்டார்.

"அக்கா, மேட்டு பூத்துல லீடு வரணும். வரலைன்னா..." என்று நிறுத்தினார்.

"வரலைன்னாண்ணே?"

"நான் என்ன சொல்லப் போறேன்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை குடையை விரிப்பதும் மடக்குவதுமாக வந்தார். தன்னுடைய வித்தையைத் தன் மேலேயே ஒருவர் காட்டிவிட்டாரே என்று யோசித்திருப்பார் என நினைத்தேன். ஊர் எல்லை வந்ததும், "நல்லாத்தான் நிறுத்துறாரு, இல்ல?" என்றார்.

அவரிடம் இருந்த சரக்கிலேயே பெரியது தமிழ்நாடு. காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். எங்கள் தலைநகரான பாண்டிச்சேரிக்குப் போவதென்றாலே தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால், 'காரைக்காலத் தமிழ்நாட்டோட சேத்துடுவாங்க' என்ற பயத்துக்கு எங்கள் பக்கம் எப்போதும் மவுசு உண்டு. எந்தக் கட்சி எந்தக் கட்சியை எதிர்த்து நின்றாலும், எதிரே நிற்பவர் சேர்த்துவிடுவார். அத்தை இந்த ஒரே பயத்தை வீட்டுக்கு வீடு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். அஞ்சப்பனுக்கு அது தமிழ்நாட்டு பாட்டில் விலை. பைக் வைத்திருப்பவனுக்குப் பெட்ரோல். எங்கள் வீட்டுக்கு என் படிப்பு.

ஆமாம், எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் அவருக்குப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் வந்தார். படியில் உட்கார்ந்து, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னார்: "நல்லா படிக்கிது. நம்ம ஊருப் புள்ளைங்களுக்குன்னு தனியா சீட்டு வச்சிருக்காங்களே, அது இருக்குற வரைக்கும் படிக்கட்டும்."

அம்மா அரிந்துகொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டார். "அண்ணி! என்னா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல செல்வி."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "அத்தை, நான் உங்க கூடத்தான இருக்கேன். எங்க வீட்டுலயுமா?"

"நீ என் கூட இருக்க. ஒங்கம்மா ஓட்டு எங்க இருக்கு?" என்றார்.

மறுநாள் மீன் விற்கப் போன அம்மா கூடையோடு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய், என் இருப்பிடச் சான்றிதழை ஆறு பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். ஆறிலும் சுதும்பு மீன் வாசம். சேர்ப்பது, பிரிப்பது எல்லாம் ஒரு எம்.எல்.ஏ. செய்கிற காரியமில்லை என்று நான் அம்மாவுக்கு விளக்கினேன். அரசியலமைப்பு, நாடாளுமன்றம் என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் போட்டு விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடி. ஒரு காப்பிய ஒன் பையில வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் பாண்டியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கட்சி அனுப்பிய வியூகக்காரர். கையில் டேப்லட், கழுத்தில் கயிறு போட்ட அட்டை. பஞ்சாயத்துக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அத்தைக்கு ஒரு படம் காட்டினார். படத்தில் தொகுதி முழுக்க நிறம் நிறமாக இருந்தது.

"மேடம், இந்தப் பகுதிக்கு மத ரீதியா ஒரு மெசேஜ் வச்சிருக்கோம். பட்டினத்துக்காரங்களப் பத்தி. ஒரு வீடியோவும் இருக்கு."

திருமலைராயன்பட்டினத்து முஸ்லிம்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள அத்தைக்குக் கொஞ்ச நேரமானது. வீடியோவை முழுவதும் பார்த்தார். பிறகு டேப்லட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, இது இங்க ஓடாதுங்க. நம்ம மீனுக்கு ஏலத்துல நல்ல வெல கேக்குறதே பட்டினத்து பாய்ங்கதான். அவுங்க வரலைன்னாதான் இந்த ஊரு பயப்படும்."

"அப்ப அவங்க இனிமே வர மாட்டாங்கன்னு ஒரு மெசேஜ் பண்ணலாமா மேடம்?"

அத்தை அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "படிச்ச புள்ளைதான். ஆனா வேணாம். அது நெஜமாவே நடந்துபோச்சுன்னா நாம்ப என்னத்த திங்கிறது?"

நல்லது கெட்டது பார்த்து அவர் அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. துணிக்கடைக்காரர், இந்த ரகம் இங்கே போகாது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். ஆனாலும் அன்று அந்த வீடியோ எங்கள் ஊருக்குள் வரவில்லை என்பதும் உண்மை.

ஊரில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, ஆண்களைத் தவிர. எதிர்க்கட்சி வேட்பாளர் போன வருஷம் வலை பின்ன ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார். ஆண்கள் பகலெல்லாம் அந்தக் கொட்டகை நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்கு எளிதில் பயம் வராது. வீடு வீடாகப் போய் அளவெடுக்க நாளும் இல்லை. அத்தை தன் வழக்கத்தை முதல் தடவையாக மீறினார். விடிகாலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், எல்லாருக்கும் பொதுவாக ஒரே பயத்தைப் போட்டார்.

டீசல்.

விசைப்படகுகளுக்கு மாதாமாதம் வரியில்லாத டீசல் உண்டு. அதற்கு ஒரு அட்டை. அது இல்லாவிட்டால் ஒரு தடவை கடலுக்குப் போய் வருவதற்குள் படகுக்காரர் கையைச் சுட்டுக்கொள்வார். தேர்தல் முடிந்த ஒரு வாரத்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கப் போகிறது. இரண்டு மாதம் யாரும் விசைப்படகை எடுக்க முடியாது. அத்தை மீன் வாங்க வந்தவர் போல நின்றுகொண்டு, ஏலக்காரரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டார்: "ஏண்ணே, இவுங்க தோத்து அவுங்க வந்துட்டா, தடைக்காலம் முடிஞ்சு தொழிலுக்குப் போறப்ப இந்த டீசல் அட்ட..."

"அட்டைக்கு என்னா?" என்றார் ஏலக்காரர்.

"நான் ஒண்ணும் சொல்லல."

ஏலம் அப்படியே நின்றுபோனது. அத்தை திரும்பி நடக்கும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "ஒட்டிக்கிச்சு பாப்பா" என்றார்.

அந்தச் செய்தி வேட்பாளர் காதுக்கும் போனது. மகிழ்ந்துபோய், "மேடு முடிஞ்சிடுச்சு, அக்காவப் போலகத்துக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். வாக்குப்பதிவுக்கு இருந்த கடைசி ஐந்து நாளும் அத்தையும் நானும் காலையில் பஸ் ஏறிப் போலகம் போய், பொழுது சாயத் திரும்பினோம்.

போலகத்தில் எல்லாம் வயல்காரர்கள். அத்தை ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, "காவேரித் தண்ணி இனிமே இந்தக் கடமடைக்கு வருமான்னு..." என்று நிறுத்தினார்.

வீட்டுக்காரப் பெரியவர் சிரித்துவிட்டார். "எப்பம்மா வந்துச்சு? நான் போர் போட்டுப் பல வருஷமாச்சு. உள்ள வந்து மோரு குடிங்க."

அடுத்த வீட்டில் பயிர் இன்சூரன்ஸ் வராமல் போகலாம் என்றார். "போன வருஷத்துதே வரல. அது தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள் அந்தப் பெண், அத்தைக்காக வருத்தப்பட்டு. நெல் கொள்முதல் நடக்காமல் போகலாம் என்றார். அதுவும் நடக்கவில்லையாம். ஐந்து நாளும் போலகத்துக்காரர்கள் எங்களுக்கு மோரும் இளநீரும் கொடுத்து, தங்களுக்கு ஏற்கெனவே நடந்ததையெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். கடைசி நாள் பஸ்ஸில் வரும்போது அத்தை சொன்னார்: "நடந்து முடிஞ்சத வச்சு யாரையும் பயமுறுத்த முடியாது பாப்பா. நம்ம ஊருதான் நல்ல ஊரு. இன்னும் எவ்வளவோ நடக்க வேண்டியது பாக்கி இருக்கு."

வாக்குப்பதிவு அன்று ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. அத்தையும் நானும் தள்ளிப் போட்டிருந்த மேசையில் வாக்காளர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எட்டு மணி வரை பெண்கள் வந்தார்கள். ஒன்பது மணிக்கும் பெண்கள். பத்து மணிக்குத் தடி ஊன்றிய கிழவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஆண்களின் சீட்டு அடுக்கு அடுக்கினபடியே இருந்தது.

அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அத்தை கையைக் காட்டிக் கூப்பிட்டார். "செல்வி, ஆம்பளைங்க எங்கடி? இன்னும் தூங்குறாங்களா?"

"கடல்ல இருக்காங்க அண்ணி."

"யாரு, ஒன் வூட்டுக்காரரா?"

"எல்லாரும்தான்."

"இன்னைக்கு படகு எறக்கப்புடாதுன்னு பஞ்சாயத்துல மைக்குல சொன்னாங்களேடி!"

"இன்னைக்கு யாரு எறக்குனா? அஞ்சு நாளாச்சு போயி. டீசலு நிக்கப் போவுதுன்னு நீங்கதான சொன்னீங்க. இந்த மாசத்துக்கு உள்ளத மொத்தமா புடிச்சுக்கிட்டு, தீருற வரைக்கும் தொழில் பாத்துட்டு வருவோம்னு கெளம்பிட்டாங்க."

அப்பா கடலில் இருப்பது எங்கள் வீட்டில் செய்தியே இல்லை. படகுகள் கட்டியிருப்பதோ காரைக்கால் துறைமுகத்தில், எங்கள் கரையில் நின்று பார்த்தால் தெரியாது. நானும் அத்தையும் பொழுது விடிந்தால் போலகத்தில். ஓட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். பயந்தவன் ஓட்டுப் போட ஓடுவான் என்பது அத்தையின் கணக்கு. பயந்த மீன்காரன் முதலில் கடலுக்கு ஓடுவான் என்பது, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த அவருக்கு எப்படித் தோன்றாமல் போனதோ.

"எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான் போனாருன்னுல்ல நெனச்சேன்" என்றார் அத்தை மெல்ல.

வரிசையில் நின்ற தேன்மொழி சிரித்தாள். "அவருதான் சித்தி மொத ஆளு. 'என் பொண்டாட்டிக்குக் கட்சியில எல்லாம் தெரியும், அவளே சொல்றான்னா நெசமாத்தான் இருக்கும்'னு டீசல் கேன எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரு. அவரு போனதப் பாத்துட்டுத்தான் மிச்ச பேரு போனாங்க."

அத்தை எழுந்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பஞ்சாயத்துக் கூடத்தில் படகுகளோடு பேசும் வயர்லெஸ் பெட்டி ஒன்று உண்டு. அதில் பேசினால் கடலில் இருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். கணவர் போன படகை அழைத்து, வாயைப் பெட்டியில் ஒட்டிவைத்துக்கொண்டு கத்தினார்: "எல்லாரும் கரைக்கு வாங்க! ஓட்டுப் போட வாங்க!"

இரைச்சலுக்கு நடுவே மாமாவின் குரல் வந்தது. "டீசலு இன்னும் பாதி கெடக்கு."

"டீசலெல்லாம் ஒண்ணும் நிக்காது! திரும்பி வாங்க!"

"நீதானடி நிக்கும்ன?"

"நான் எங்க சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலியே!"

கடல் முழுக்கச் சிரித்தது. ஒவ்வொரு படகிலிருந்தும் ஒரு சிரிப்பு அந்தச் சின்னப் பெட்டி வழியாக வந்துகொண்டே இருந்தது. அத்தை ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டார். அன்று எனக்கும் அது முதல் ஓட்டு. அவர் திரும்பி வந்து ஆள் வராத மேசையில் உட்கார்ந்த கோலத்தைப் பார்த்தபடியே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

எண்ணிக்கையில் எங்கள் வேட்பாளர் எப்படியோ தப்பித்து ஜெயித்துவிட்டார். மேட்டு பூத்தில் மட்டும் எதிர்க்கட்சிக்கு லீடு. ஆண்கள் இல்லை என்றாலும் பெண்கள் அவ்வளவு பேரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே போய் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் அத்தை என்னை ஒரு மனு எழுதச் சொன்னார். ஒன்பது மாதம் பணிபுரிந்ததையும், நீக்கப்பட்டதையும், மீண்டும் நிரந்தரமாகப் பணியமர்த்த வேண்டியதையும் ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். வாசல் நிறையச் சால்வையோடு ஆட்கள். எங்கள் முறை வந்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேலைக்கு எடுக்குற லிஸ்ட் அனுப்பியாச்சுக்கா. ஒன் பேரு இல்ல."

அத்தை அசையவில்லை. இன்னும் ஒரு அடி கிட்டே போய், குரலைத் தாழ்த்தினார்.

"அது கெடக்குதுண்ணே. நான் அதுக்கு வரல. ஊருல பேசிக்கிறத ஒங்க காதுல போட்டுட்டுப் போவலாம்னுதான். வேணாம் வுடுங்க, ஜெயிச்ச நேரத்துல எதுக்கு."

அவர் நிமிர்ந்தார். "என்ன பேசிக்கிறாங்க?"

"நாம்ப அவருக்கு ஓட்டே போடல, அவரு ஜெயிச்சுட்டாரு. டீசலும் நிக்கல. யாரு வந்தாலும் வரலைன்னாலும் நமக்கு ஒண்ணும் ஆவாது போலருக்கு. அப்ப இனிமே நாம்ப எதுக்கு இவுங்களுக்குப் பயந்து..."

"பயந்து?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே."

எம்.எல்.ஏ. தோளில் கிடந்த சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வியர்த்திருந்தது.

"பயமில்லைங்கிறாங்களா? எத்தன பேரு?"

"ஊரே."

"மத்த ஊருக்கும் பரவுமா?"

"மீனு வாங்க எல்லா ஊருலேருந்தும் நம்ம கரைக்குத்தானண்ணே வர்றாங்க."

அவர் ஒரு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்து நாள்ல நன்றி சொல்ல வருவேன். என் கண்ணால பாக்குறேன். நீ சொன்ன மாதிரி இருந்துச்சுன்னா, அங்க ஒரு ஆளக் கையில வச்சிருக்க வேண்டியதுதான். மனுவ அன்னைக்குக் குடு. அங்கயே கையெழுத்துப் போடுறேன்."

தெருவுக்கு வந்த பிறகு கேட்டேன். "அத்தை, நம்ம ஊருல யாரும் அப்படிப் பேசலியே."

"இன்னும் பேசல" என்றார் அத்தை. "பத்து நாளு இருக்குல்ல."

அந்தப் பத்து நாளும் அவர் உழைத்ததைப் போல எந்தத் தேர்தலுக்கும் உழைக்கவில்லை. பழைய பட்டியலையே என்னை வாசிக்கச் சொன்னார். அதே வீடுகளுக்கு அதே வரிசையில் போனார். படியில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, முழு வாக்கியமாகச் சொன்னார்: "ஒண்ணும் ஆவாது. யாரும் எதுக்கும் பயப்படாதீங்க. எம்.எல்.ஏ. வந்தா நிமிந்து நின்னு பேசுங்க."

காசியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரையே பார்த்தார். "எதுக்குடி இப்புடிச் சொல்ற?"

"பென்ஷனெல்லாம் ஒழுங்கா வரும் சித்தி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அன்று மத்தியானத்துக்குள் காசியம்மாள் வங்கிக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டார். அஞ்சப்பன் பாட்டில் வாங்கிப் பரணில் அடுக்கத் தொடங்கினான். தடைக்காலம் தொடங்கி ஆண்கள் எல்லாம் கரையில் இருந்தார்கள். டீசல் நிற்காது என்று அத்தை அவர்களிடம் சத்தியமே செய்தார். அதைக் கேட்டவர்கள், தாங்கள் செய்த ஒரு பயணம் போதாதோ என்று கவலைப்பட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். "செல்வி, பாப்பா படிப்புக்கு ஒரு கொறையும் வராது. நீ நிம்மதியா இரு" என்று சொல்லி, அம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினார். முகம் வெளுத்திருந்தது. "இத்தன வருஷமா பயப்படு பயப்படுன்னவங்க, இன்னைக்கு பயப்படாதங்குறாங்களேடி. என்னமோ பெருசா வருது. இவுங்களாலயே வாயால சொல்ல முடியல."

சான்றிதழ் இன்னும் ஆறு பிரதி எடுக்கப்பட்டது.

எம்.எல்.ஏ. வந்த அன்று ஊரே ரோட்டில் நின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் டீசல் அட்டை நகல், பென்ஷன் புத்தக நகல், ரேஷன் கார்டு நகல், அம்மாவின் பையில் என் சான்றிதழ். ஜீப் நின்றதும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு முண்டியடித்தார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். வலைக் கொட்டகை நிழலில் ஒரு ஆள் இல்லை. காசியம்மாள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எது வந்தாலும் எங்களக் கைவுட்டுறாதீங்க" என்று அழுதேவிட்டார்.

"நிமிந்து நில்லு சித்தி" என்று அத்தை பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. காசியம்மாள் இன்னும் குனிந்தார்.

எம்.எல்.ஏ.வின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. ஜீப்பில் நின்றபடியே கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். கையில் மனுவோடு நின்ற அத்தையைக் கண்டுபிடித்துச் சிரித்தார்.

"என்னமோ சொன்னியேக்கா! ரொம்ப நல்லா வச்சிருக்க ஊர. இப்புடியே பாத்துக்க."

ஜீப் நகர்ந்தது. நீட்டிய மனு நீட்டியபடியே இருந்தது. கூட்டம் ஜீப்புக்குப் பின்னால் ஓடி, திருப்பத்தில் மறைந்தது.

ரோட்டில் நானும் அத்தையும் மட்டும் நின்றோம். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழுதால் என்ன சொல்வது என்றும் யோசித்துவைத்திருந்தேன். அத்தை ஜீப் போன திசையைப் பார்க்கவே இல்லை. கீழே எதையோ தேடுபவர் போல மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, தோத்தாரே அவரு, இப்ப வூட்டுலதான இருப்பாரு?"

"வேற எங்க இருப்பார்?"

"ரொம்பப் பயந்து போயிருப்பாருல்ல?"

கேட்கும்போதே குரல் தெளிந்துவிட்டது. மனுவை என்னிடம் நீட்டி, மேலே இருக்கிற பெயரை மட்டும் அடித்துவிட்டுத் தோற்றவர் பெயரைப் போடச் சொன்னார். அடித்தல் திருத்தலோடு மனு கொடுப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்து, புதுத் தாள் எடுத்து, முதலிலிருந்து எழுதிக் கொடுத்தேன்.